முகத்தின் நெய் அழுக்கல்ல

"மகள், நீங்க முகத்தக் கழுவுறல்லயா?"

நான் தரம் 10இல் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்டவர் எனக்கு மாமி முறையானவர். சிறு வயதில் என்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவர். அவருக்கு என்மேல் எந்தக் கோபமும் இல்லை. ஆனாலும் அவர் அப்படிக் கேட்டதும் பக்கத்திலிருந்த நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் தேசிக்காய்ப் புளி பூசச் சொன்னார். இன்னொருவர் இரவில் பற்பசை வைத்தால் பரு காய்ந்துவிடும் என்றார். மூன்றாமவர் உம்மாவிடம், "எண்ணெய்ச் சாமானக் குறைங்க. நாளைக்கு ஒரு இடத்துல பேசப் போகக்குள்ள..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். உம்மா ஒன்றும் பேசவில்லை. நான் வட்டிலப்பத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

ஒரு நாளைக்கு ஐந்து முறை வுழுச் செய்யும் முகம் என்னுடையது. அதைப் பார்த்துக் கழுவுவதில்லையா என்று கேட்டதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பரு வந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் துப்புரவில்லாதவள் என்று சொன்னதாகத்தான் என் காதில் விழுந்தது.

மறுநாள் முதல் என் போராட்டம் தொடங்கியது. ஒவ்வொரு முறை முகம் கழுவும்போதும் சவர்க்காரம் போட்டேன். தோல் இறுகியது. மூக்கின் இரு பக்கமும் செதில் செதிலாக உரிந்தது. ஆனால், மூன்றாம் பாடவேளை வருவதற்குள் நெற்றி மீண்டும் மினுங்கியது. தேசிக்காய்ப் புளியைப் பூசிக்கொண்டு வெயிலில் டியூஷனுக்குப் போனேன். பூசிய இடம் எரிந்து, பின்னர் கறுத்துப் போனது. கடைசியில் டியூஷனில் கூடப் படித்த ஒருத்தி, ஒரு சிறிய வெள்ளை டப்பியைத் தந்தாள். அதில் பெயரும் இல்லை, என்னென்ன கலந்திருக்கிறது என்ற விபரமும் இல்லை. "பத்து நாளையில மாறும்" என்றாள்.

உண்மையாகவே மாறியது. பருக்கள் அடங்கின. முகம் வெளுத்தது. அடுத்த முறை கண்டபோது மாமி, "இப்பதான் முகம் முகமா இருக்கு" என்றார். இரண்டு மாதம் பூசினேன். டப்பி முடிந்த ஐந்தாம் நாள் முகம் முழுவதும் சிவந்து எரியத் தொடங்கியது. முன்பு நாலைந்தாக இருந்த பருக்கள் டசின் கணக்கில் கிளம்பின. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

அந்த வாரம்தான் தமிழ்மொழித் தினப் போட்டியில் வலய மட்டப் பேச்சுப் போட்டி. அந்தப் பேச்சை ஆயத்தப்படுத்துவதற்காக உம்மாவும் நானும் மூன்று இரவுகள் விழித்திருந்தோம். மேடையில் ஏறி அத்தனை கண்களுக்கு முன்னால் இந்த முகத்தோடு நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. தொண்டை நோவென்று டீச்சரிடம் பொய் சொல்லி விலகிக்கொண்டேன். எனக்குப் பதிலாக யாரும் போகவில்லை. அந்த ஆண்டு எங்கள் பாடசாலையின் பெயர் அந்தப் போட்டியில் இல்லை.

இவ்வளவையும் என் முகத்தைப் பற்றிச் சொல்வதற்காக நான் எழுதவில்லை. ஒரு கேள்வியில் தொடங்கி ஒரு மேடையில் முடிந்த இந்தக் கதை என் ஒருத்தியுடையதல்ல என்று எனக்குத் தெரியும். எங்கள் வகுப்பிலேயே இதைப் போல நாலு கதைகள் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் வேர் ஒரு தப்பான எண்ணம். முகத்தில் கசியும் எண்ணெயை நாம் அழுக்கு என்று நினைக்கிறோம். அது அழுக்கல்ல என்பதே நான் சொல்ல வந்தது.

ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்கு உம்மா என்னை அழைத்துப் போனார். டொக்டர் என் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன பூசினீங்க?" என்பதுதான். கழுவுவதில்லையா என்று அவர் கேட்கவில்லை. பிறகு என் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு படம் கீறினார். ஒரு மயிர், அதன் வேரைச் சுற்றி ஓர் உறை, அந்த உறையின் பக்கத்தில் முந்திரிகைக் குலை போல ஒன்று. "இதுதான் நெய்ச்சுரப்பி. இது உங்கட எதிரி இல்ல" என்றார். இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எனக்கு, அந்தப் படம் பாடப்புத்தகத்திலுள்ள எந்தப் படத்தையும் விட நன்றாக மனதில் நிற்கிறது.

அந்தச் சுரப்பியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பெற்றோரும் பொறுமையோடு வாசிக்க வேண்டும்.

நெய்ச்சுரப்பிகள் நம் உடலின் தோல் முழுவதும் இருக்கின்றன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் இல்லை. முகத்திலும் தலையிலும்தான் மிக அதிகம். அங்கே ஒரு சதுர சென்ரிமீற்றரில், அதாவது நம் சுண்டுவிரல் நகமளவு இடத்தில், 400 முதல் 900 வரை இருக்கலாம். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு மயிரின் வேரோடு சேர்ந்தே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பூனைமயிருக்கும் இப்படியொரு சுரப்பி உண்டு. அதனால்தான் மயிரே இல்லாதது போலத் தெரியும் நெற்றியும் மூக்கும் மினுங்குகின்றன.

இந்தச் சுரப்பி வேலை செய்யும் விதம் வியப்பானது. வியர்வைச் சுரப்பியின் கலங்கள் வியர்வையை வெளியே அனுப்பிவிட்டுத் தாங்கள் உயிரோடு இருக்கும். நெய்ச்சுரப்பியின் கலங்கள் அப்படியல்ல. ஒவ்வொரு கலமும் தன்னுள்ளே கொழுப்பைச் சேர்த்துச் சேர்த்து வீங்கி, கடைசியில் தானே உடைந்து முழுவதும் நெய்யாகிவிடும். இதற்கு இரண்டு மூன்று வாரம் செல்லும். அடியில் புதிய கலங்கள் பிறந்துகொண்டே இருக்கும். நம் முகத்தில் கசிவது, தம்மையே முழுதாகக் கொடுத்துவிட்ட கலங்களின் நெய்.

அந்த நெய் என்ன செய்கிறது? தோலின் மேற்பரப்பில் மெல்லிய படையாகப் பரவி, தோலையும் மயிரையும் மிருதுவாக வைத்திருக்கிறது. அதிலுள்ள கொழுப்பை நம் தோலில் வாழும் பற்றீரியாக்கள் உடைக்கும்போது கொழுப்பமிலங்கள் உண்டாகின்றன. இவை தோலைச் சற்று அமிலத்தன்மையோடு வைத்திருக்க உதவுவதால் கெட்ட கிருமிகள் பெருகுவது கடினமாகிறது. சப்பியெனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பமிலமும் இந்த நெய்யில் இருக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. விலங்குகளில் மனிதனின் தோல் நெய்யிலேயே அது சிறப்பாகக் காணப்படுவதால், மனித இனத்தின் விஞ்ஞானப் பெயரிலிருந்தே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

இந்தச் சுரப்பியின் சொந்தக்காரர் ஒருவர் நம் கண்ணிமைக்குள் இருக்கிறார். இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மெய்போமியன் சுரப்பிகள், நெய்ச்சுரப்பிகளின் மாறிய வடிவமே. ஹென்றிச் மெய்போம் என்ற ஜேர்மன் வைத்தியர் 1666ஆம் ஆண்டு இவற்றை விபரித்து எழுதினார். இவை சுரக்கும் எண்ணெய், கண்ணீரின் மேல் படையாக நின்று அது உலர்ந்து போகாமல் காக்கிறது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் எங்கள் பக்கத்தில் கண்ணைத் திறந்து நடக்க முடிகிறதென்றால், அதில் இந்த எண்ணெய்க்கும் பங்குண்டு.

பிறந்த குழந்தையைப் பார்த்த உம்மாமாருக்கு இன்னொன்று தெரியும். குழந்தை பிறக்கும்போது உடலில் வெண்ணெய் பூசியது போல ஒரு வெள்ளைப் படை இருக்கும். அதில் ஒரு பங்கு, வயிற்றிலிருக்கும்போதே குழந்தையின் நெய்ச்சுரப்பிகள் சுரந்த நெய். தாயின் வயிற்றில் மாதக்கணக்காக நீருக்குள் கிடக்கும் பிஞ்சுத் தோலை அது பாதுகாக்கிறது. அதைப் பிறந்த உடனே அழுக்கென்று கழுவிவிடாமல், முதல் குளிப்பாட்டலைக் குறைந்தது 24 மணித்தியாலம் தள்ளிப்போடும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குழந்தையின் முகத்தில் இருக்கும்போது காக்க வேண்டிய பொருளாக இருப்பது, பதினைந்து வயதில் மட்டும் எப்படி அழுக்காகிப் போகும்?

பதினைந்து வயதில் என்னதான் நடக்கிறது? குழந்தைப் பருவத்தில் இந்தச் சுரப்பிகள் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். பருவமடையும் காலத்தில் உடலில் ஓமோன்கள் கூடும்போது அவை விழித்துக்கொள்ளும். அன்ட்ரோஜன் என்ற ஓமோன் வகைதான் இதற்குக் காரணம். அதை ஆண்களுடைய ஓமோன் என்று சொல்வார்கள். ஆனால், பெண்களின் உடலிலும் அது சிறிதளவு இயல்பாகவே சுரக்கிறது. சுரப்பி பெரிதாகி நெய் கூடுகிறது. அதேநேரம் மயிர் வரும் துவாரத்தின் வாயில் உதிரும் தோற்கலங்கள் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கின்றன. உள்ளே நெய் தேங்குகிறது. எல்லோருடைய தோலிலும் எப்போதும் வாழும் ஒருவகைப் பற்றீரியா அங்கே பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இதுதான் பரு. 12 வயதுக்கும் 24 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்கு 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பலருக்கு இது கூடுவதும் ஓமோன்களால்தான்.

இந்த வரிசையில் அழுக்கு எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள். எங்கும் வரவில்லை. மூக்கின் மேல் தெரியும் கரும்புள்ளிகூட ஊத்தை அல்ல. துவாரத்தை அடைத்திருக்கும் நெய்யும் கலங்களும் காற்றுப் பட்டு நிறம் மாறுவதாலும், தோலின் நிறப்பொருளாலும்தான் அது கறுப்பாகத் தெரிகிறது. அதைத் தேய்த்து எடுக்க நினைப்பது, தலைமயிரின் கறுப்பைத் தேய்த்துக் கழுவ நினைப்பதைப் போன்றது.

அப்படியானால் சவர்க்காரம் ஏன் உதவவில்லை? சுரப்பி இருப்பது தோலுக்குள்ளே. அதற்குக் கட்டளை வருவது இரத்தத்திலுள்ள ஓமோன்களிடமிருந்து. வெளியே போடும் சவர்க்காரத்தால் அந்தக் கட்டளையை நிறுத்த முடியாது. மேலேயுள்ள நெய்யை மட்டும் அது அகற்றும். சில மணித்தியாலத்தில் நெய் திரும்பி வந்துவிடும். ஆனால், மீண்டும் மீண்டும் சவர்க்காரம் போடும்போது தோலின் அமிலத்தன்மை குலைந்து, தோல் காய்ந்து, புண்படத் தொடங்கும். நான் செய்தது இதைத்தான்.

எண்ணெய்ச் சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாம் தின்னும் வடையின் எண்ணெய் நேரே முகத்தில் வந்து கசிவதில்லை. சுரப்பி தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்கிக்கொள்கிறது. சீனி கூடிய, இரத்தத்தில் குளுக்கோசை வேகமாக ஏற்றும் உணவுகள் சிலருக்குப் பருவைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. கல்யாண வீட்டில் வடையைத் தின்னாதே என்று என்னைத் தடுத்தவர், வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் வைத்தார் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

இனி நான் சொல்ல வந்த கருத்துக்கு வருகிறேன்.

"அழுக்கு" என்ற சொல் ஒரு பெண் பிள்ளையின் முகத்தின் மேல் விழும்போது அது தோலில் நிற்பதில்லை. துப்புரவு ஈமானின் பகுதி என்று படித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அழுக்கு என்றால் குற்றம் என்றுதான் எங்களுக்குப் படும். குற்றம் செய்தவளைப் போல நாங்கள் தலையைக் குனிகிறோம். பர்தாவை இன்னும் முன்னுக்கு இழுத்து நெற்றியை மறைக்கிறோம். படம் எடுக்கும்போது பின்வரிசையில் நிற்கிறோம். விடை தெரிந்தும் கையை உயர்த்தாமல் இருக்கிறோம். பிறகு, அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை தருகிறேன் என்று யார் எந்த டப்பியை நீட்டினாலும் வாங்கிக்கொள்கிறோம்.

அந்த டப்பிகளைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டும். எனக்கு மந்திரம் போல வேலை செய்தது ஸ்டீரொய்ட் மருந்து என்று டொக்டர் சொன்னார். பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட் கிறீம்கள் வைத்தியரின் கையில் நல்ல மருந்துகள். சில தோல் நோய்களுக்கு, குறித்த காலத்துக்கு அவை தேவை. அவற்றை முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் முதலில் வீக்கம் அடங்கி, இரத்தக் குழாய்கள் சுருங்கி, முகம் வெளுத்தது போலத் தெரியும். பின்னர் தோல் மெலிந்து, நரம்பு நரம்பாகச் சிவப்புக் கோடுகள் தெரியும். புதிய பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மீண்டும் பூசுவோம். இந்தச் சுழலிலிருந்து வெளியே வர எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

இன்னும் சில வெளுப்புக் கிறீம்களில் பாதரசம் கலந்திருக்கும். பாதரசம் தோலின் வழியே உடலுக்குள் போகும். சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பாதிக்கும். கர்ப்பிணித் தாய் பூசினால் வயிற்றிலுள்ள குழந்தையையும் பாதிக்கலாம். மேர்கியூரி, கலோமல் என்ற சொற்களை டப்பியில் கண்டால் அதைத் தொடவே கூடாது. எந்தச் சொல்லுமே இல்லாத டப்பி அதைவிட மோசம். மாவு வாங்கும்போதும் பால்மா வாங்கும்போதும் திகதி பார்க்கும் நாங்கள், மகளின் முகத்தில் பூசுவதை மட்டும் பார்க்காமல் விடலாமா?

என் கருத்துக்குச் சிலர் மறுப்புச் சொல்வார்கள். நான் அதைக் கேட்டிருக்கிறேன்.

"அப்ப கழுவவே வேண்டாமா?" என்பது முதலாவது. கழுவ வேண்டும். காலையிலும் இரவிலும், விளையாடி வியர்த்த பிறகும் மென்மையான சவர்க்காரத்தால் கழுவினால் போதும். வுழுச் செய்யும் வேளைகளில் வெறும் தண்ணீர் தோலுக்குத் தீங்கில்லை. அதற்குச் சவர்க்காரம் தேவையும் இல்லை. பர்தாவின் உள்ளே கட்டும் பட்டி நெற்றியில் உராய்ந்து வியர்த்தாலும் பரு கூடும். அதை நாள்தோறும் துவைத்து, கொஞ்சம் தளர்வாகக் கட்டிக்கொண்டால் நல்லது. இவற்றையெல்லாம் செய்தும் பரு வரலாம். வந்தால் அது எங்கள் சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல.

"எல்லாம் வயசோட போயிடும், டொக்டர் எதுக்கு?" என்பது இரண்டாவது. பலருக்குப் போய்விடும் என்பது உண்மை. எல்லோருக்கும் அப்படியல்ல. ஆழமாக, கட்டியாக, வலியோடு வரும் பருக்கள் ஆயுள் முழுவதும் தழும்பை விட்டுப் போகும். எங்களைப் போன்ற நிறமுடைய தோலில் பரு ஆறிய இடம் மாதக்கணக்காகக் கறுத்திருக்கும். கிள்ளினால் அது இன்னும் மோசமாகும். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வந்து, முகத்தில் மயிரும் கூடி, பருவும் விடாமல் இருந்தால் அது சூலகத்தோடும் ஓமோன்களோடும் தொடர்புடைய ஒரு பிரச்சினையின் அறிகுறியாக இருக்கலாம். அப்போது டொக்டரிடம் போகத்தான் வேண்டும். பருவுக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால், பெரும்பாலானவை பலன் காட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் வேண்டும். பத்து நாளில் மாற்றுவேன் என்பதைக் கேட்டால் சந்தேகப்படுங்கள்.

"அன்பாலதான் சொல்றோம், அதுக்கு இப்படிக் கோபிக்கலாமா?" என்பது மூன்றாவது. இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினம். ஏனென்றால் அது உண்மை. மாமி அன்பால்தான் கேட்டார். என் கிளினிக் நாட்களில் உம்மாவுக்கு வேலை இருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். வரிசையில் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். அங்கே டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில், "எனக்கும் உன்ட வயசுல இப்படித்தான் இருந்த. எண்ட உம்மா அடிக்கடி ஏசுவா" என்றார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மாமியிடம் யாரோ கேட்டதைத்தான் மாமி என்னிடம் கேட்டிருக்கிறார். அறியாமல் கைமாறி வருவதை அறிந்த பிறகு நிறுத்த வேண்டியது நாங்கள்தான். அன்பு இருப்பதால்தான் இதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இதுதான். உங்கள் மகளின் முகத்தில் பருவைக் கண்டால் முதலில் அதைப் பற்றிச் சபையில் பேசாதீர்கள். வீட்டில், தனியாக, "நோகுதா?" என்று கேளுங்கள். கல்யாணப் பேச்சை அதற்குள் கொண்டுவராதீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையின் நெற்றியில் இருப்பது ஒரு சுரப்பியின் வேலை, அவளது விலை அல்ல. அவள் என்ன பூசுகிறாள் என்று டப்பியை வாங்கிப் பாருங்கள். மறைத்துப் பூசுகிறாள் என்றால், எதனால் மறைக்கிறாள் என்று யோசியுங்கள். தேவையென்றால் டொக்டரிடம் அழைத்துப் போங்கள். வாப்பாமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது பெண்களின் விடயம் என்று விலகி நிற்காதீர்கள். உங்கள் மகன்மாருக்கும் இதே சுரப்பிதான் இருக்கிறது. அவர்களை யாரும் முகம் கழுவுவதில்லையா என்று சபையில் கேட்பதில்லை.

தோழியரே, உங்களுக்கும் ஒன்று. ஒருத்தியின் முகத்தைப் பார்த்து வைக்கும் பட்டப்பெயர்களில் பாதியை நாங்களேதான் வைக்கிறோம். பெரியவர்கள் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. டியூஷனில் எனக்கு அந்த டப்பியைத் தந்தவளும் எனக்கு நன்மை செய்வதாகத்தான் நினைத்தாள். பெயரில்லாத கிறீமைக் கைமாற்றாதீர்கள். யாருக்காவது எரிகிறதென்றால் வீட்டுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பாடசாலையில் சுகாதாரப் பாடத்தில் பருவமடைதல் பற்றிப் படிக்கும் ஆண்டிலேயே இந்தச் சுரப்பியையும் இந்தக் கிறீம்களையும் பற்றி ஒரு பாடவேளை பேசப்பட்டால், பலருடைய முகங்கள் தப்பும்.

என் முகம் இப்போது ஓரளவு ஆறிவிட்டது. கன்னத்தில் இரண்டு தழும்புகள் உண்டு. அவை போகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வெயில் கூடிய நாட்களில் தோல் இன்னமும் எளிதில் சிவக்கிறது. நெற்றி மூன்றாம் பாடவேளையில் இன்றும் மினுங்குகிறது. ஒரு மென்தாளால் ஒற்றிவிட்டு வேலையைப் பார்க்கிறேன்.

என் தங்கைக்கு இப்போது பதினொரு வயது. போன மாதம் கண்ணாடிக்கு முன்னால் நின்று மூக்கைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்தா, எண்ட மூக்கு எண்ணெயா இருக்கு. நான் நல்லாத்தானே கழுவினேன்?" என்று கேட்டாள். அவள் குரலில் பயம் இருந்தது. நான் கிளினிக் கொப்பியை எடுத்து, பின்பக்கத்தில் டொக்டர் கீறிய படத்தைக் காட்டினேன். மயிரும் உறையும் முந்திரிகைக் குலையும் அப்படியே இருந்தன. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். உம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து தங்கையின் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "நீ நல்லாத்தான் கழுவியிருக்கா மகள்" என்றார்.

வருகிற தமிழ்மொழித் தினப் போட்டிக்கு நான் மீண்டும் பெயர் கொடுத்திருக்கிறேன்.